ஆர்கேட் பெட்டியில் ஸ்பீக்கருக்கு எந்த இடம்?

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. சந்து திரும்பும் முன்பே சத்தம் வந்துவிடும். உள்ளே எந்த ஆட்டம் ஓடுகிறது, ஆடுபவன் தேறுவானா மாட்டானா என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவோம். கையில் காசில்லாத நாட்களில் வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பியதுண்டு.

பல வருடம் கழித்து வீட்டிலேயே, அந்தக் கடையில் இருந்ததுபோல ஓர் ஆர்கேட் பெட்டி செய்ய உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக்குக்கும் பட்டனுக்கும் பெயின்டுக்கும் வாரக்கணக்கில் நேரம் கொடுத்தேன். ஸ்பீக்கரை மட்டும் கடைசி நாள் மாலை அவசரமாக உள்ளே வைத்து மூடினேன். பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி அது. மேசைமேல் இருந்தவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் போனதும் கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல ஆகிவிட்டது. அதே ஸ்பீக்கர், ஆட்டத்தை ஓட்டும் அதே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதே ஆட்டம். மாறியது இடம் மட்டும்தான்.

அதனால் பெட்டி செய்யப்போகிறேன் என்று யார் வந்து கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: விலை உயர்ந்த ஸ்பீக்கரைத் தேடி அலைய வேண்டாம், வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும், அதை எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பதில் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். ஏன் என்பதை அடியிலிருந்து சொல்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கத் தேவையில்லை.

முதலில், சத்தத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தைப் பாருங்கள். அதன் பின்னணியில் நான்கே நான்கு கனத்த ஸ்வரங்கள் மேலிருந்து கீழே இறங்கித் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகம் கூடும், அந்த நான்கு ஸ்வரங்களும் கூடவே வேகமெடுக்கும். ஆடுபவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது கண்ணால் பார்ப்பதால் மட்டும் இல்லை. அந்த நான்கும் கீழ் ஸ்தாயி ஸ்வரங்கள். ஸ்பீக்கரைத் தப்பான இடத்தில் வைத்தால் முதலில் காணாமல் போவதும் அவைதான்.

ஒலி மூன்று கை மாறுகிறது

ஆட்டத்தின் ஒலி உங்கள் காதுக்கு வந்து சேர மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரோ ராஸ்பெரி பையோ ஒலியை மின் அலையாக்கி 3.5 மிமீ துளை வழியே வெளியே அனுப்புகிறது. மிக மெலிந்த அலை அது. ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். ஹெட்போனுக்கு அது போதும். வெறும் ஸ்பீக்கரை அதில் நேராக மாட்டினால் காதை ஒட்டி வைத்தால்தான் ஏதோ முணுமுணுக்கும்.

இந்த மெலிந்த அலைக்கு பலம் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். அது தனியாக மின்சாரம் வாங்கிக்கொண்டு, வந்த அலையின் வடிவத்தை அப்படியே பெரிதாக்கித் தள்ளுகிறது. மூன்றாவது ஆள்தான் ஸ்பீக்கர்: ஒரு காந்தம், அதற்குள் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. பெரிதாக்கிய மின் அலை சுருளில் ஓடும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

பழைய கடைப் பெட்டிகளில் இந்த ஆம்ப்ளிஃபயர் ஆட்டத்தின் போர்டிலேயே இருந்தது. 1980களின் நடுவில் ஜப்பானில் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறையில் 56 முனைகள் உண்டு. அவற்றில் இரண்டு நேராக ஸ்பீக்கருக்குப் போகும். போர்டை மாற்றிச் செருகினால் போதும், சத்தமும் வந்துவிடும். வீட்டுப் பெட்டியில் அந்த வசதி இல்லை. ராஸ்பெரி பையிலோ சாதாரண பிசியிலோ ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் நமக்குக் கை கொடுப்பது இங்கேதான்: ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அவற்றுக்குப் பொருத்தமான பவரும் ஒரே ஜோடியில் தயாராக வருகின்றன. எத்தனை ஓம், எத்தனை வாட் என்ற கணக்கை அதைச் செய்தவர்களே போட்டு முடித்திருப்பார்கள்.

வாட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிகளில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டிருப்பார்கள். அதை அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆர்எம்எஸ் என்று பக்கத்தில் சின்னதாக ஓர் எண் இருக்கும், தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர் அது, அதைப் பாருங்கள். ஆடுபவர் ஸ்பீக்கரிலிருந்து அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூரத்தில்தான் நிற்கிறார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 5 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் வீட்டுக்குத் தாராளம்.

யுஎஸ்பியில் மட்டும் ஓடும் குட்டி ஸ்பீக்கர்களுக்கு ஓர் எளிய கணக்கு: பழைய யுஎஸ்பி 2 துளை கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதற்கு மேல் எந்த எண்ணை எழுதியிருந்தாலும் அந்தத் துளையிலிருந்து தொடர்ந்து வராது. மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு அது போதும். ஆள் உயரப் பெட்டிக்குப் போதாது.

கூம்பின் முதுகு

என் முதல் தவறு எங்கே நடந்தது என்று இப்போது சொல்ல முடியும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கை வேலை.

கூம்பு முன்னே வரும்போது தன் முன்னால் இருக்கும் காற்றை அழுத்துகிறது. அதே நொடியில் அதன் முதுகுப் பக்கம் காற்று இளகுகிறது. அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரும் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது: முன்னால் ஒன்று, பின்னால் அதற்கு நேர் எதிரானது ஒன்று. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முன்னால் அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடி அங்கிருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது; உங்கள் காதுக்கு ஒன்றும் மிஞ்சாது.

கீச்சென்ற ஒலிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, அவற்றின் அலை குட்டையானது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 11 சென்டிமீட்டர்தான். அது நேராகப் போய்விடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு அங்குல ஸ்பீக்கரின் விளிம்பு அதற்கு ஒரு தடையே இல்லை, சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். அதனால்தான் பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர் கரகரவென்று மெல்லிசாகக் கேட்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். பழைய டிவியிலிருந்தோ டேப் ரெக்கார்டரிலிருந்தோ கழற்றிய ஒரு ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கையில் பிடித்துக் கேளுங்கள். பிறகு ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அதே அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டி, ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் இறுக்கமாக வைத்துக் கேளுங்கள். திடீரென்று தவில் சத்தம் தவில் சத்தமாகக் கேட்கும். எந்தச் செலவும் இல்லாமல், ஓர் அட்டை செய்த வேலை அது. என் மகளுக்கு இதைக் காட்டியபோது அட்டையை எடுத்தும் வைத்தும் பத்து நிமிடம் விளையாடினாள்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கூடு இந்த அட்டையின் வேலையைத்தான் செய்கிறது. முதுகு ஒலியைத் தனியே அடைத்து வைக்கிறது. ஆனால் முன் ஒலி வெளியே போக வழி இருக்க வேண்டுமே! நான் செய்தது என்ன? ஸ்பீக்கர் இரண்டையும் பெட்டிக்குள் ஒரு பலகைமேல் வைத்து, முன் பலகையில் துளைகள் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தேன். ஒலியில் கொஞ்சம் துளை வழியே வெளியே வந்தது. மிச்சமெல்லாம் பெட்டிக்குள்ளேயே சுவருக்குச் சுவர் மோதித் தாமதமாக வந்து சேர்ந்தது. கிணற்றுச் சத்தத்தின் காரணம் அதுதான்.

எங்கே பொருத்துவது

பழைய ஆர்கேட் பெட்டிகளில் மேலே ஆட்டத்தின் பெயர் ஒளிரும் பலகை இருக்குமல்லவா, அதை மார்க்கீ என்பார்கள். மார்க்கீக்கும் திரைக்கும் நடுவில் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு பலகை உண்டு. பெரும்பாலும் ஸ்பீக்கர் அங்கேதான் இருந்தது. அது தற்செயல் இல்லை. அந்தச் சாய்வு ஆடுபவரின் முகத்தை நேராகப் பார்க்கிறது. கீச்சென்ற ஒலிகள் நேர்கோட்டில் போவதால் முகத்தைப் பார்த்திருந்தால்தான் தெளிவாகக் கேட்கும். திரைக்கு ஒட்டி மேலே இருப்பதால், அடி விழும் இடத்திலிருந்தே அடியின் சத்தமும் வருவதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கைகளுக்குக் கீழே, கன்ட்ரோல் பலகைக்கு அடியில் வைத்தால் உங்கள் உடம்பே ஒலியை மறைக்கும்.

அந்தப் பலகையில் இரண்டு வழிகளில் பொருத்தலாம். ஸ்பீக்கரைக் கூட்டோடு அப்படியே வைப்பது ஒன்று. கூட்டைப் பிரித்துக் கூம்பை மட்டும் எடுத்துப் பலகையில் திருகுவது இன்னொன்று. முதல்முறை செய்பவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கூடு அந்தக் கூம்புக்காகவே அளவெடுத்துச் செய்தது, அதை உடைப்பதால் லாபம் குறைவு. பலகையில் கூம்பின் அளவுக்கு வட்ட ஓட்டை போட்டு, ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் ஃபோம் டேப் ஒரு சுற்று ஒட்டி, ஸ்பீக்கரின் முகத்தை அதன்மேல் அழுத்தி, பின்னாலிருந்து ஒரு மரக்கட்டையோ உலோகப் பட்டையோ வைத்து இறுக்கிவிடுங்கள். முகத்துக்கும் பலகைக்கும் நடுவில் காற்று புகும் சந்து இருக்கக் கூடாது. சில ஸ்பீக்கர்களின் முதுகில் ஒரு குழாய்த் துளை இருக்கும். பேஸ் எனப்படும் கனத்த ஒலிக்காக விட்டது அது. அதைச் சுவரோடு ஒட்டி அடைத்துவிடாமல் நாலைந்து விரல் இடம் விடுங்கள்.

எனக்குப் பெட்டி செய்து கொடுத்த ஆசாரி, “ஏன் தம்பி, ஒரே பெரிய ஓட்டையா போட்டுட்டு மேல வலை அடிச்சா போச்சே, எதுக்கு நூறு சின்ன ஓட்டை?” என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. ட்ரில் போட்டுச் சின்னத் துளைகளாக அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துளைகளை விட மரம் அதிகமாக மிஞ்சும், கீச்சொலிகள் மரத்தில் முட்டித் திரும்பும். ஒரே வட்டமாக வெட்டி, வெளிப்பக்கம் கறுப்பு ஸ்பீக்கர் துணியோ துளையிட்ட இரும்புத் தகடோ போட்டு மூடுவது சுலபம், ஒலிக்கும் நல்லது. 18 மிமீ பிளைவுட் என்றால் உள்பக்கம் ஓட்டையின் விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகச் சீவிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூம்பு ஒரு குட்டிக் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். திருகு வாங்கும்போது பலகையின் தடிமனையும் பார்த்து வாங்க வேண்டும்; முனை வெளியே துருத்தினால் கையைக் கிழிக்கும்.

கூட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று இடம் கட்டாயப்படுத்தினால், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கூம்பின் முதுகை ஏதாவது ஒரு சின்னப் பெட்டியால் மூடுங்கள். நாலு துண்டு பிளைவுட் போதும். இரண்டாவது, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் எது கூட்டல், எது கழித்தல் என்று குறித்து வைத்த பிறகுதான் ஒயரை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் மாட்டிவிட்டால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் வற்றிவிடும், குரல்கள் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். குறிக்க மறந்துவிட்டால் ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட இடம்தான் ஸ்பீக்கரின் கூட்டல்.

பழைய பிக்சர் டியூப் மானிட்டரைப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் காந்தம் டியூபுக்குப் பக்கத்தில் இருந்தால் எலெக்ட்ரான் கதிர் வளைந்து திரை ஓரத்தில் நிறம் திட்டுத் திட்டாக மாறும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் மானிட்டருக்கு இரு பக்கமும் நிற்க வேண்டியவை என்பதால் பலவற்றில் காந்தத்துக்கு உலோக மூடி போட்டிருப்பார்கள். அதனால் டியூபுக்கு அந்தக் காலத்து ஸ்பீக்கரே பொருத்தம். எல்சிடி திரைக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு, கனத்த ஒலிக்கென்றே வூஃபர் என்ற தனிப் பெட்டியும் சேர்ந்த 2.1 செட் உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. கனத்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. அதனால் வூஃபர் பெட்டியின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடியில் ரப்பர் பாய் துண்டு ஒன்று போட்டு அதன்மேல் வையுங்கள். அதன் காற்றுத் துளைக்கு நேராகப் பெட்டியின் முன் அடிப்பலகையில் ஒரு திறப்பு வெட்டினால் அடி நேராகக் கால்களில் வந்து இறங்கும். பல செட்டுகளில் மொத்த ஆம்ப்ளிஃபயரும் டிரான்ஸ்ஃபார்மரும் வூஃபருக்குள்தான் இருக்கின்றன, சூடாகும். பெட்டியின் முதுகில் மேலே சில துளைகளும் கீழே சில துளைகளும் காற்றோட்டத்துக்கு விட வேண்டும். வூஃபரைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால், பிளக்கைப் பிடுங்காமல் திருகில் கை வைக்காதீர்கள். உள்ளே ஓடுவது 230 வோல்ட்.

தானாக விழித்துக்கொள்ள வேண்டும்

ஆர்கேட் பெட்டிக்கு ஒரே ஸ்விட்ச்தான் இருக்க வேண்டும். அதைப் போட்டால் திரை, மார்க்கீ விளக்கு, ஆட்டம், சத்தம் எல்லாம் ஒன்றாக எழ வேண்டும். பெட்டியின் பின்கதவைத் திறந்து ஸ்பீக்கரை மட்டும் தனியே ஆன் செய்வதென்றால் இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

இதற்கு ஸ்பீக்கரில் சாதாரண ஸ்விட்ச் இருக்க வேண்டும்: தட்டினால் தட்டின நிலையிலேயே நிற்கும் ஸ்விட்சோ, திருகினால் ‘டக்’ என்று ஆன் ஆகும் வால்யூம் குமிழோ. அதை ஆனிலேயே விட்டுவிட்டு, எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, அந்த பாக்ஸின் ஸ்விட்சைப் பெட்டியின் ஸ்விட்சாக வைத்துக்கொள்ளலாம். தொட்டால் ஆன் ஆகும் பட்டனோ ரிமோட்டோ உள்ள ஸ்பீக்கர்கள் இந்த இடத்தில் காலை வாரும். கரண்ட் வந்தாலும் யாராவது தொடும்வரை தூங்கிக்கொண்டே இருக்கும். புளூடூத், எஃப்எம் எல்லாம் சேர்ந்த மாடல்களில் சில, ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் புளூடூத்துக்கே போய் நிற்கும். ஒயரில் வரும் ஒலியைக் கேட்க பட்டனை அழுத்த வேண்டும்.

வாங்கும் முன் கடையிலேயே பார்த்துவிடலாம். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் கேட்டால் மாட்டிக் காட்டுவார்கள். பாட்டு ஓடும்போதே சுவர் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, பத்து எண்ணிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். எதையும் தொடாமல் பாட்டு திரும்ப வந்தால் வாங்குங்கள்.

அணைக்கும்போது மட்டும் ஒரு ஒழுங்கு வேண்டும். ராஸ்பெரி பையை முதலில் மெனு வழியாக ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அணைக்க வேண்டும். திடீரென்று மின்சாரத்தை நிறுத்தினால் மெமரி கார்டில் இருப்பது கெட்டுப்போகலாம்.

அப்புறம் வால்யூம். கடைப் பெட்டிகளில் பெரும்பாலும் அது காசு போடும் கதவுக்குள் பூட்டி இருக்கும், ஆடுபவர் கைக்கு எட்டாது. வீட்டில் அதற்கு நேர்மாறாக எட்டும் இடத்தில் வேண்டும். ஸ்பீக்கரின் குமிழை அறுத்து ஒயர் போட்டு நீட்டுவது ஒரு வழி. ஸ்டீரியோ என்பதால் ஆறு கம்பிகளைச் சால்டர் செய்ய வேண்டும், உள்ளே உலோக வலை உறையிட்ட ஒயராக இல்லாவிட்டால் இரைச்சல் ஏறும். அதற்குப் பதிலாக, 3.5 மிமீ ஒயரின் நடுவில் மாட்டும் சின்ன வால்யூம் குமிழ் தனியாகவே கிடைக்கிறது. அதை வாங்கிக் கன்ட்ரோல் பலகையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. எதையும் அறுக்க வேண்டாம்.

ஒயரும் இரைச்சலும்

3.5 மிமீ துளை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரையிலான வழக்கமான மாடல்களில் அது உண்டு. 5இல் கிடையாது, குட்டி ஸீரோவிலும் கிடையாது. அப்படியானால் ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். துளை இருக்கும் மாடலிலும் யுஎஸ்பி கார்டு போட்டால் பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் குறையும் என்பது என் அனுபவம். எச்டிஎம்ஐ வழியாக ஒலி மானிட்டருக்குப் போய், மானிட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு வருவதும் நல்ல வழிதான். புளூடூத் மட்டும் வேண்டாம். இந்த ஆட்டங்கள் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 60 சட்டகங்களாக, அதாவது தனித்தனிப் படங்களாக ஓடுகின்றன, ஒரு சட்டகம் 17 மில்லிநொடிக்கும் குறைவு. புளூடூத்தில் 100, 200 மில்லிநொடி தாமதம் சாதாரணம். குத்து விழுந்து எதிரி சரிந்த பிறகு குத்தின் சத்தம் வரும்.

எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்ததும் ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல் அடியில் ஓடினால் பயப்பட வேண்டாம், பலருக்கும் வரும். ஒலி ஒயரின் உலோக உறையும் மின் இணைப்பின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால், அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் புகுந்து ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். இதை கிரவுண்ட் லூப் என்பார்கள். 3.5 மிமீ ஒயரை ராஸ்பெரி பையிலிருந்து மட்டும் உருவிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஸ்பீக்கருக்கு மின்சாரம் ராஸ்பெரி பையின் யுஎஸ்பியிலிருந்தே வருகிறதென்றால் தனி மொபைல் சார்ஜருக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும், ராஸ்பெரி பைக்கும் சுமை குறையும். தீராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உருளை கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். இரு பக்கக் கம்பிகளும் ஒன்றை ஒன்று தொடாமலே, காந்தப்புலம் வழியாக ஒலி மட்டும் கடந்து போகும். மலிவானவற்றில் பேஸ் கொஞ்சம் குறையலாம்.

முனகலை நிறுத்த மூன்று முனை பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு ஜாய்ஸ்டிக்கில் குழந்தைகள் கை வைக்கும் பெட்டி அது. கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த ஒற்றைப் பின்தான்.

முனகலாக இல்லாமல், திரையில் படம் மாறும்போதெல்லாம் மாறும் ‘கீ’ என்ற ரீங்காரம் கேட்டால், ஒலி ஒயர் வேறு ஏதாவது மின் ஒயரை ஒட்டிப் போவது ஒரு காரணமாக இருக்கலாம். மார்க்கீ எல்இடியின் அடாப்டர், மெயின் ஒயர் இவற்றிலிருந்து அதைத் தள்ளிக் கட்டுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோலக் குறுக்காக விடுங்கள், இணையாக ஓட விடாதீர்கள்.

ஒற்றை ஒலி, இரட்டை ஒலி

1980இன் பேக்-மேன், 1981இன் டாங்கி காங் எல்லாம் ஒரே ஸ்பீக்கருக்காகச் செய்தவை. இடது, வலது என்ற பேச்சே கிடையாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த 1991இலும் அதே கதைதான். பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருள் அதே ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெட்டியில் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், இடது வலது கம்பிகளை முறுக்கி ஒன்றாக்கிவிடாதீர்கள். இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கம்ப்யூட்டரின் செட்டிங்கில் மோனோ என்று மாற்றிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்.

ஆனால் இடம் இருந்தால் இரண்டு ஸ்பீக்கர் வையுங்கள், அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நாங்கள் ‘முஸ்தபா’ என்று அழைத்த ஆட்டத்தின் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993இல் கேப்காம் வெளியிட்டது. அதில் வரும் ஒரு வீரனின் பெயர்தான் முஸ்தபா. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தே ஒலியை அகலமாக விரித்துக் காட்டும் க்யூசவுண்ட் என்ற நுட்பத்தை அந்த ஆட்டத்தில் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கடையில் அது ஒற்றை ஸ்பீக்கரில்தான் ஓடியது. என் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரையும் சரியாகப் பொருத்தி அதை முதல்முறை போட்டபோது, சிறு வயதில் நூறு தடவையாவது கேட்ட அந்தச் சத்தத்தின் பாதியைக் கேட்டதே இல்லை என்று தெரிந்தது.

கடைசிச் சுற்று

செட்டிங்கில் ஒலி வெளியேறும் வழியைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சத்தமே வரவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரின் வால்யூமை 80, 90 சதவீதத்தில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் குமிழால் அளவைக் குறையுங்கள். கம்ப்யூட்டரில் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் கூட்டினால் ஒலியோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும்.

பிறகு போனில் ஒலி அதிர்வெண் எழுப்பும் ஆப் ஒன்றைப் போட்டு, அதை இந்த ஸ்பீக்கரில் இணைத்து, 50 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஏதோ ஓர் இடத்தில் பெட்டி ‘டர்ர்’ என்று நடுங்கும். அதை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளங்கையால் ஒவ்வொரு பலகையாகத் தொட்டு அழுத்துங்கள். எதை அழுத்தினால் நடுக்கம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. மார்க்கீயின் அக்ரிலிக் தகடு, திரைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, காசுக் கதவு, இறுக்காமல் விட்ட பட்டன் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஃபோம் டேப்பை ஒட்டி இறுக்கிவிட்டு அடுத்த அதிர்வெண்ணுக்குப் போங்கள். எனக்கு இதற்கு ஒரு மாலை முழுதும் ஆனது, அக்ரிலிக் தகட்டுக்கு மட்டும் மூன்று தடவை டேப் ஒட்டினேன்.

எல்லாம் அடங்கியதும் ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் போட்டு, ஆடாமல் சும்மா நின்று அந்த நான்கு ஸ்வரங்களைக் கேளுங்கள். நாலும் தனித்தனியாக, வட்டமாக, திரையிலிருந்தே வருவதுபோலக் கேட்டால் பின்கதவைத் திருகி மூடிவிடலாம். வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெயின்ட் புள்ளி வையுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவரை திருகலாம் என்பதற்கு. அதை வீட்டில் தூங்குகிறவர்களைக் கேட்டு வைப்பது நல்லது.